இறங்கினால் வழக்கு

2022 ஜூலை 9ஆம் திகதி கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் சனங்கள் புகுவதற்குச் சற்று முன்னர், அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அங்கிருந்து வெளியேறி, துறைமுகத்தில் நின்ற கடற்படைக் கப்பலுக்குக் கொண்டுபோகப்பட்டார். உள்ளே புகுந்தவர்கள் அவருடைய கட்டிலில் படுத்துப் படம் எடுத்தார்கள். நீச்சல் குளத்தில் குதித்தார்கள். உலகம் முழுவதும் பார்த்த அந்தக் காட்சியை மன்னார்த் தீவின் மீனவ ஊரான பேசாலையிலும் பார்த்தார்கள்.

எண்ணெய் இல்லாமல் படகுகள் கரையேறிக் கிடந்த காலம் அது. இந்தக் கரையில் சிறு படகின் எஞ்சினைக் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தொழில் இல்லை. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் இரண்டும் இல்லை. ஜூன் 27இலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர வேறெவருக்கும் எரிபொருள் விற்பதை அரசாங்கமே நிறுத்தியது. வரிசையில் ஆட்களுக்குப் பதிலாகக் கான்களைக் கயிற்றில் கோத்து வைத்துவிட்டுப் போனார்கள். படகு போகாவிட்டால் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் வருமானமில்லை, கூலிக்குப் போகிறவனுக்கும் இல்லை, கருவாடு காயவைக்கும் பெண்களுக்கும் இல்லை. அதற்கு முன்பே மார்ச் 22ஆம் திகதி, குழந்தைகளோடு 16 பேர் கடல் கடந்து தனுஷ்கோடிப் பக்கம் போய் இறங்கினார்கள். ஒரு குடும்பத்தைப் படகோட்டி மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட, இந்தியக் கரையோரக் காவற்படை மீட்டது. போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, குண்டுக்குத் தப்பி ஓடிய அதே பாதையில் பால்மாவும் அரிசியும் வாங்க வழியில்லாமல் ஓடினார்கள்.

ஆகவே, ஆள் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது இங்கே எழுந்த கேள்வி நியாயமானது. போகத்தான் வேண்டுமென்றால் ஏப்ரலிலேயே போயிருக்கலாமே? மூன்றரை மாதம் எதைப் பிடித்துக்கொண்டு இருந்தார்?

பதவி ஆசை என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் உண்டு. ஆசைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நட்டம் கூடினால் ஆசை தளரும். கோட்டாபயவின் விஷயத்தில் நட்டம் கூடக்கூடப் பிடியும் இறுகியது. ஆசை அப்படிச் செய்யாது, பயம்தான் செய்யும். அது எதைப் பற்றிய பயம் என்பதை இலங்கையில் வேறெந்த ஊரையும்விட மன்னார்க் கரை நன்றாக அறியும்.

2006, ஜூன் 17

அன்று காலை பேசாலைக் கடலில் கடற்புலிகளுக்கும் கடற்படைக்கும் சண்டை நடந்தது. சத்தம் கேட்ட சனங்கள் வழமைபோல வெற்றி அன்னை ஆலயத்துக்குள் ஓடினார்கள். கடலில் சண்டை ஓய்ந்த பின்னர் கரையில் மீனவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சனங்கள் நிறைந்திருந்த ஆலயத்துக்குள் கைக்குண்டு எறியப்பட்டது. ஒரு வயதான பெண் இறந்தார், நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். செய்தது கடற்படையினர் என்று நேரில் கண்டவர்கள் சொன்னார்கள். படைத்தரப்பு மறுத்தது. அதற்கு எட்டு நாள் முன்னர்தான் அயலூரான வங்காலையில் ஒரு தச்சுத் தொழிலாளியும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்குள் கொல்லப்பட்டிருந்தார்கள்.

அப்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ச. 2005 நவம்பரில் அண்ணன் மகிந்த ஜனாதிபதியானதும் அந்தப் பதவிக்கு வந்தவர். பேசாலையில் நடந்ததற்கு அவர் கட்டளை கொடுத்தார் என்று நான் எழுதவில்லை, எழுதுவதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அவருடைய பொறுப்பின் கீழிருந்த படை மீது இவ்வளவு பாரதூரமான குற்றச்சாட்டு எழுந்தும் இன்றுவரை நீதி கிடைக்கவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2011 ஜனவரியில், மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, அரசாங்கமே அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு எண்ணை வைத்தார். 146,679. அரச செயலகங்களின் புள்ளிவிவரங்களையே கூட்டிக் கழித்துப் பார்த்தால், வன்னியில் இருந்தவர்களில் இத்தனை பேருக்கு என்ன நடந்தது என்று கணக்கில்லை என்றார். கணக்குச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். மறு ஆண்டில் புலனாய்வுத் துறையினர் ஆயரிடமே விசாரணைக்குப் போனார்கள். 2021 ஏப்ரல் முதலாம் திகதி ஆயர் காலமானார். அந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது.

ஒரு ஆட்சியாளர் நாற்காலியிலிருந்து பெறுகின்றவற்றில் மிகப் பெறுமதியானது இது. கேள்வி கேட்கப்படும், பதில் சொல்லத் தேவையில்லை. மாளிகையும் வாகன வரிசையும் அதற்குக் கீழேதான். இந்தச் சலுகை ஒருநாள் நின்றுவிடும் என்றால், அந்த நாளைத் தள்ளிப்போட எதையும் செய்வார்கள்.

ஐந்து நாளில் மறைந்த வழக்கு

2019 நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. கோட்டாபய 69 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளோடு, 52 வீதத்துக்குச் சற்று அதிகமாகப் பெற்று வென்றார். வடக்கும் கிழக்கும் அவரைப் பெரும்பான்மையாக நிராகரித்தன. 18ஆம் திகதி அநுராதபுரத்தில் பதவியேற்றார். 21ஆம் திகதி விசேட மேல்நீதிமன்றம் அவரை ஒரு வழக்கிலிருந்து விடுவித்தது. பெற்றோருக்கு மெதமுலனவில் நினைவகம் கட்ட அரச பணத்தைப் பயன்படுத்தினார் என்ற வழக்கு அது. குற்றம் செய்யவில்லை என்று தீர்ப்பாகவில்லை. ஜனாதிபதிக்கு எதிராக வழக்கு நடத்த முடியாது என்று அரசமைப்பின் 35ஆவது உறுப்புரை சொல்கிறது, அதனால் விடுவிப்பு. அதே ஆண்டு ஏப்ரலில் கலிபோர்னியாவில், கொல்லப்பட்ட ஊடகவியலாளர் லசந்த விக்ரமதுங்கவின் மகள் தொடுத்த வழக்கின் அழைப்பாணை ஒரு கடையின் வாகனத் தரிப்பிடத்தில் வைத்து அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த வழக்கையும் முன்னாள் அரச அதிகாரி என்ற விலக்கைக் காட்டி ஒக்டோபரில் தள்ளுபடி செய்வித்திருந்தார்கள்.

இப்படிப் பார்த்தால் அந்தத் தேர்தல் அவருக்கு வெறும் தேர்தலாக இருக்கவில்லை. வெற்றி பெற்ற ஐந்தாம் நாள் வழக்கு போகிறதென்றால், பதவி போன ஐந்தாம் நாள் அது திரும்பி வரலாம். 2022 மார்ச் 31ஆம் திகதி இரவு மிரிஹானையில் அவருடைய வீட்டு ஒழுங்கையை சனங்கள் நிரப்பியபோது அவர் மனதில் என்ன ஓடியது என்று எவருக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பின் அவர் செய்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது.

ஏப்ரல் முதலாம் திகதி அவசரகாலச் சட்டம். அடுத்து ஊரடங்கு, சமூக ஊடகத் தடை. எதுவும் நிற்கவில்லை. 3ஆம் திகதி இரவு பிரதமர் மகிந்தவைத் தவிர அமைச்சரவை முழுவதும் விலகியது. அடுத்த நாள் மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவார்ட் கப்ரால் போனார். 9ஆம் திகதி காலிமுகத் திடலில் போராட்டக்காரர்களின் கூடாரங்கள் முளைத்தன. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. 18ஆம் திகதி புதிய அமைச்சரவை வந்தபோது மூத்த அண்ணன் சமலும் தம்பி பசிலும் மகிந்தவின் மகன் நாமலும் அதில் இல்லை. அன்றுதான் இரசாயன உரத்தைத் தடை செய்ததும், சர்வதேச நாணய நிதியத்திடம் நேரத்தோடு போகாததும் தவறு என்று கோட்டாபய ஒப்புக்கொண்டார். மே 9ஆம் திகதி பிரதமரின் அலரி மாளிகையில் கூடிய ஆதரவாளர்கள் திடலுக்குப் போய்ப் போராட்டக்காரர்களை அடித்தார்கள், அதன் எதிர்வினையில் நாடு பற்றி எரிந்தது, மகிந்த பதவி விலகித் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் ஒளிந்தார். ஜூன் 9ஆம் திகதி பசில் பாராளுமன்ற ஆசனத்தையும் விட்டார்.

தண்ணீர் ஏறும் படகில் ஐஸ் பெட்டி, வலை, மீன் என்று ஒவ்வொன்றாகக் கடலில் எறிவார்கள், எஞ்சினில் மட்டும் கை வைக்கமாட்டார்கள். கோட்டாபய தம்பியை எறிந்தார், மூத்த அண்ணனை எறிந்தார், கடைசியில் அரசியலில் தன்னை வளர்த்த அண்ணனையே எறிந்தார். ஜனாதிபதிப் பதவியை மட்டும் விடவில்லை. ஜூன் மாதம் வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்றுக்குக் கொடுத்த நேர்காணலில், தோற்றுப்போன ஜனாதிபதியாகப் போக முடியாது, ஐந்து ஆண்டுகளுக்கு ஆணை இருக்கிறது, அதன் பின் போட்டியிடமாட்டேன் என்ற பொருளில் பேசினார். பெருமிதம் கலந்த அந்தப் பேச்சை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஒரு மனிதனுக்குள் பெருமிதமும் பயமும் சேர்ந்தே இருக்கும்.

ஆனால் ஜூலை 9க்குப் பிந்திய ஐந்து நாட்களில் பெருமிதம் விழுந்து பயம் மட்டும் மிஞ்சியது. 13ஆம் திகதி விலகுவார் என்று சபாநாயகர் மகிந்த யாப்பா அபேவர்தன நாட்டுக்கு அறிவித்துவிட்டார். விலகுவதானால் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அவர் போடவில்லை. முதலில் நாட்டை விட்டு வெளியேற வழி தேடினார். கட்டுநாயக்க விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரிகள் பிரமுகர் அறைக்கு வந்து கடவுச்சீட்டில் முத்திரை குத்த மறுத்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. பொதுமக்களோடு வரிசையில் நின்றால் குத்துவோம் என்றார்களாம். முப்படைகளின் தளபதி, வரிசையில் நிற்கத் துணியாமல் விமானங்களைத் தவறவிட்டார். கடைசியில் 13ஆம் திகதி அதிகாலை விமானப்படையின் அன்ரனோவ் விமானத்தில் மனைவியோடும் இரண்டு மெய்ப்பாதுகாவலர்களோடும் மாலைதீவுக்குப் பறந்தார். 14ஆம் திகதி சிங்கப்பூர். அங்கே இறங்கிய பிறகுதான் விலகல் கடிதம் மின்னஞ்சலில் வந்தது.

ஏன் அந்த ஒழுங்கு? கடிதம் போன நிமிடத்தில் 35ஆவது உறுப்புரையின் பாதுகாப்பும் போய்விடும். ஆகவே ஆள் முதலில், கடிதம் பிறகு. அவருடைய பயம் வீண் பயமும் இல்லை. சிங்கப்பூரில் இறங்கிப் பத்து நாட்களுக்குள், 2009 போர்க் குற்றங்களுக்காக அவரைக் கைது செய்யுமாறு அந்நாட்டுச் சட்டமா அதிபரிடம் உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேசச் செயற்திட்டம் முறைப்பாடு கொடுத்தது.

டட்லி போனார்

இந்த நாட்டில் ஆட்சியாளர்கள் எப்போதும் இப்படி ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. 1953இல் மலிவு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தினார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகள் அழைத்த ஹர்த்தாலில் மேற்கு, தெற்குக் கரை முழுவதும் ஸ்தம்பித்தது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் பத்துப் பேரளவில் இறந்தார்கள். அன்றைய அமைச்சரவை பயந்து, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. அப்போதும் கப்பல்தான். ஆனால் பிரதமர் டட்லி சேனநாயக்க ஒக்டோபரில் பதவி விலகினார். உடல்நலம் என்றார்கள், மனம் உடைந்தது என்றும் சொன்னார்கள். விலகிய டட்லி வீட்டில் இருந்தார், பிறகு மீண்டும் அரசியலுக்கு வந்து மீண்டும் பிரதமரானார். விலகியதால் அவருக்கு எந்த ஆபத்தும் வரவில்லை.

அன்றைய முறையில் பிரதமர் பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், ஒரு வாக்கெடுப்பில் போகலாம், இன்னொரு தேர்தலில் வரலாம். அந்த ஹர்த்தாலுக்குக் காரணமான வரவுசெலவுத் திட்டத்தைக் கொண்டுவந்த நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தன. அவர் அந்த நாளிலிருந்து வேறொரு பாடம் எடுத்திருக்க வேண்டும். 1978இல் அவர் கொண்டுவந்த நிறைவேற்று ஜனாதிபதி முறை, வீதியாலும் அசைக்க முடியாத, பாராளுமன்றத்தாலும் எளிதில் அசைக்க முடியாத ஒரு மனிதரை உருவாக்கியது. ஜனாதிபதியை நீக்க உயர்நீதிமன்ற விசாரணையும் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் வேண்டும். பதவியில் இருக்கும்வரை வழக்கில்லை. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் நாற்பதாயிரம் பேரளவில் வேலையிழந்தார்கள். தன் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத விலகல் கடிதங்களை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பை வைத்துப் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டினார். அடுத்த ஆண்டு ஜூலையில் தமிழருக்கு நடந்ததற்கும் அவர் பதில் சொல்லவில்லை.

கோட்டாபய அந்த ஆசனத்தில் அமர்ந்து அதை இன்னும் உயர்த்தினார். 2020 ஒக்டோபரில் நிறைவேறிய 20ஆவது திருத்தம், ஆணைக்குழுக்களுக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் நியமனம் செய்யும் அதிகாரத்தை ஜனாதிபதியின் கையில் குவித்தது. தேர்தலில் வென்றவரை எதேச்சாதிகாரி என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வாக்குப் பெட்டியால் உள்ளே வந்தாரா என்பதைவிட, வந்த வாசலைத் தனக்குப் பின்னால் பூட்டினாரா என்று பார்ப்பதே சரி.

கூட்டத்தில் நிற்பது யார்?

எதேச்சாதிகாரிகள் சனத்துக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைக்கிறோம். அவர்கள் அதைவிட அதிகம் பயப்படுவது பக்கத்தில் நிற்பவர்களுக்கு. அரசியல் ஆய்வாளர் மிலன் ஸ்வோலிக், 1946 முதல் 2008 வரை அரசமைப்புக்குப் புறம்பான வழியில் பதவி இழந்த 303 எதேச்சாதிகாரத் தலைவர்களைக் கணக்கெடுத்தார். 205 பேரை வீழ்த்தியது உள்ளிருந்தவர்களின் சதிப்புரட்சி. மக்கள் எழுச்சி வீழ்த்தியது 32 பேரைத்தான். பேசாலைக்காரருக்கு இது புதிதாக இருக்காது. தவக்காலத்தில் பாஸ்கு நாடகம் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பிலாத்துவைத் தெரியும். இயேசுவிடம் குற்றமில்லை என்று தெரிந்தும் அவன் தீர்ப்பிட்டது, உரோமை இராயனுக்குக் கோள் போய்விடும் என்ற பயத்திலும்தான்.

ஆகவே எழுச்சி ஒன்று வெல்லுமா என்பது துவக்கு வைத்திருப்பவன் என்ன செய்கிறான் என்பதில் தங்கியிருக்கிறது. 2022 ஏப்ரல் 19ஆம் திகதி றம்புக்கணையில் பொலிஸார் சுட்டதில் ஒருவர் இறந்தார். ஜூலை 9இல் கண்ணீர்ப்புகை அடித்தார்கள், சுட்டார்கள், பலர் காயப்பட்டார்கள். ஆனால் இலட்சக்கணக்கில் வந்த கூட்டத்தை இராணுவம் கொன்று குவிக்கவில்லை. அவர் இரத்தம் சிந்த விரும்பவில்லை என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். அரசாங்கமே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் 2009இல் எறிகணை விழக் கண்டவர்களால் இந்த விளக்கத்தை ஏற்க முடியாது.

நான் காணும் காரணம் வேறு. எரிபொருள் இல்லாத நாளில் காலியிலும் கண்டியிலும் ரயில்களை வற்புறுத்தி ஓட்டுவித்துக் கொழும்புக்கு வந்தவர்கள் சிப்பாய்களின் சொந்த ஊரவர்கள். சிப்பாயின் அம்மாவும் காஸ் வரிசையில் நின்றவர். அண்ணன் உரமில்லாமல் வயலைக் கைவிட்டவன். 2019இல் கோட்டாபயவுக்கு வாக்களித்த வீடுகளிலிருந்தே அந்தக் கூட்டம் வந்தது. அதைச் சுடும்படி சொன்னால் சொல் செல்லாமல் போகலாம், செல்லாத கட்டளை ஆட்சியாளருக்கு வாக்குத் தோல்வியைவிடக் கொடியது.

அதே காலிமுகத் திடலில் 1956 ஜூன் 5ஆம் திகதி தந்தை செல்வாவும் தோழர்களும் தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராக அமைதியாகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். காடையர்கள் அடித்தார்கள், பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. 1961இல் வடக்கு கிழக்கில் கச்சேரிகளின் முன் இரண்டு மாதம் நடந்த சத்தியாக்கிரகத்தை ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் போட்டு இராணுவத்தைக் கொண்டு கலைத்தார்கள். அந்தக் கூட்டங்களில் சிப்பாயின் அண்ணனோ அக்காவோ இருக்கவில்லை. எந்த ஆட்சியாளரும் பதவி விலகவும் இல்லை. படையில் ஒரே இனம் நிறைந்திருக்கும் நாட்டில், மற்ற இனத்தின் எழுச்சி ஆட்சியாளரை அசைப்பதில்லை, சிலவேளை பலப்படுத்தவும் செய்கிறது.

உலகத்தைப் பார்த்தாலும் இதுதான். 2011இல் துனிசியாவின் பென் அலி ஜனவரியிலும், எகிப்தின் முபாரக் பெப்ரவரியிலும் போனார்கள், இரண்டு இடத்திலும் இராணுவம் கைவிட்டது. பஹ்ரைனில் ஷியா பெரும்பான்மை எழுந்தபோது சுன்னி ஆட்சிக்குச் சுன்னிப் படைகளும் சவூதிப் படையும் துணை நின்றன, ஆட்சி அசையவில்லை. சிரியாவில் படையின் மேல்மட்டத்தை அலவி சமூகத்தவரால் நிரப்பியிருந்த பஷர் அல் அசாத், எழுச்சி தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் நாட்டையே இடிபாடாக்கி, 2024 டிசம்பர் 8ஆம் திகதிதான் மொஸ்கோவுக்கு ஓடினார். அதே ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி பங்களாதேஷில் ஷேக் ஹசீனா ஹெலிகொப்டரில் இந்தியாவுக்குப் போனார். அதற்கு முந்திய வாரங்களில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் மதிப்பிட்டது. அங்கும் சொந்தப் பிள்ளைகளைச் சுட முடியாது என்று இராணுவம் பின்வாங்கிய பிறகே எல்லாம் முடிந்தது.

இந்த இடத்தில் நம் பக்கத்தையும் பேசாமல் போவது நேர்மையாகாது. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் மன்னார்த் தீவிலிருந்து விரட்டினார்கள். பக்கத்து ஊர்க்காரர், ஒரே சந்தையில் மீன் விற்றவர்கள், கையில் பெட்டி கூட இல்லாமல் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் தப்பி வர முயன்ற சனத்தைத் தடுத்து வைத்ததும் சுட்டதும் நடந்தது. கடைசிவரை விடாமல் பிடித்திருப்பது கொழும்பு மாளிகைக்காரரின் குணம் மட்டும் என்று எழுதினால் இந்தக் கரையில் உள்ளவர்களே நம்பமாட்டார்கள். கேள்விக்கு அப்பாற்பட்ட அதிகாரம் எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும் இறங்கும் வழியைத் தனக்கே அடைத்துக்கொள்கிறது.

பொன்னான பாலம் யார் செலவில்?

இறங்கப் பயப்படுபவருக்குப் பயத்தைப் போக்கினால் இறங்கிவிடுவார் அல்லவா என்று இராஜதந்திரிகள் கேட்பார்கள். சிலியின் பினோசே 1988 வாக்கெடுப்பில் தோற்று ஆட்சியை விட்டார். ஆனால் 1998 வரை இராணுவத் தளபதியாகவும், அதன் பின் விலக்குரிமையோடு ஆயுட்கால செனட்டராகவும் இருக்க வழி செய்துகொண்டே விட்டார். அந்த ஆண்டே இலண்டனில் வைத்துக் கைதானார். முபாரக்கைக் கட்டிலோடு நீதிமன்றக் கூண்டுக்குள் கொண்டுவந்த படத்தை 2011 ஓகஸ்டில் எல்லா அரபு ஆட்சியாளர்களும் பார்த்தார்கள். இவற்றுக்குப் பிறகு எந்த உத்தரவாதத்தையும் எவரும் முழுதாக நம்புவதில்லை, அதனால் இன்னும் இறுகப் பிடிக்கிறார்கள் என்ற வாதம் பலமானது. உயிர்கள் காப்பாற்றப்படுமென்றால் விலக்குக் கொடுத்து, தப்பிப் போக ஒரு பொன்னான பாலம் கட்டி அனுப்புவதே மேல் என்று கொழும்பில் நல்ல மனிதர்களும் சொல்கிறார்கள்.

எனக்கு அந்த வாதம் புரிகிறது, ஏற்க முடியவில்லை. அந்தப் பாலத்துக்கான செலவை யார் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வங்காலையில் பிள்ளைகளோடு கொல்லப்பட்ட குடும்பத்தின் உறவினர்கள், பேசாலை ஆலயத்துக்குள் காயப்பட்டவர்கள், ஆயர் சொன்ன எண்ணுக்குள் அடங்கிய வீடுகள். இவர்களிடம் கேட்காமல் இவர்களுடைய வழக்கை இன்னொருவர் மன்னித்து அனுப்புவது தானமாகாது. அந்த விலக்கு அடுத்து வருபவருக்கும் ஒரு செய்தி சொல்கிறது. 2020 மார்ச்சில், மிருசுவிலில் எட்டுத் தமிழரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்றிருந்த இராணுவத்தவர் சுனில் ரத்நாயக்கவுக்குக் கோட்டாபய பொதுமன்னிப்புக் கொடுத்தார். நான் உன்னைக் காப்பேன், நீ என்னைக் காப்பாய் என்று படைக்குச் சொன்னதாகவே வடக்கில் அதைப் புரிந்துகொண்டார்கள்.

கோட்டாபயவுக்குப் பாலம் தானாகவே கிடைத்தது. 2022 ஜூலை 20ஆம் திகதி அவருடைய கட்சி உறுப்பினர்களின் பலத்தால் ரணில் விக்ரமசிங்க 134 வாக்குகளோடு ஜனாதிபதியானார். இரண்டு நாளில் காலிமுகத் திடலில் ஜனாதிபதி செயலகத்தின் முன்னிருந்த போராட்டக்காரர்களை இராணுவம் அடித்து விரட்டியது. செப்டெம்பரில் கோட்டாபய திரும்பி வந்தார், அரச வீடும் காவலும் காத்திருந்தன. இங்கே பேசாலையில் என்ன மாறியது? ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. கிடைக்காமல் இருந்தது கிடைத்தது, வாங்க முடியவில்லை. 2023 நவம்பரில் பொருளாதாரச் சீரழிவுக்கு ராஜபக்ச சகோதரர்களும் ஏனைய அதிகாரிகளும் பொறுப்பு என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குத் தண்டனை எதுவும் இல்லை. 2024 மார்ச்சில் கோட்டாபய தன்னை வெளிநாட்டுச் சதி கவிழ்த்தது என்று ஒரு புத்தகம் வெளியிட்டார்.

2024இல் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியாக வந்தார், அவருடைய தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றது. வன்னியிலும் சனங்கள் நம்பி வாக்களித்தார்கள். நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்ற வாக்குறுதிக்குத் தேவையான மூன்றில் இரண்டு கையில் கிடைத்து ஓராண்டு கழிந்தும் அந்தப் பதவி இருந்தது. 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு, காற்றாலைத் திட்டத்துக்கு எதிராக வாரக்கணக்கில் மன்னார் நகரில் இருந்த சனங்களையும் குருமாரையும் பொலிஸார் பலவந்தமாக அகற்றி, காற்றாலைப் பாகங்களை ஏற்றிய வாகனங்களுக்கு வழி செய்தார்கள். எழுச்சியால் வந்த அரசாங்கமும் ஓரத்தில் இருப்பவர்களிடம் பேசும்போது பழைய குரலையே எடுக்கிறதென்றால், அது கவலைக்குரியது. அவர்களுக்கு நான் கெடுதி நினைக்கவில்லை, அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. 2025 ஓகஸ்டில் ரணில் கைதானார். அரச பணத்தில் தனிப்பட்ட பிரித்தானியப் பயணம் என்பது குற்றச்சாட்டு. முன்னாள் ஜனாதிபதி ஒருவர் கைதானது அதுவே முதல் தடவை. பயணச் செலவைக் கேட்க முடியுமென்றால் உயிர்களைக் கேட்கவும் முடியும்.

அதற்குத் தயாராக ஒரு வழக்கு இருக்கிறது. 2011 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் லலித், குகன் என்ற இரண்டு செயற்பாட்டாளர்கள் காணாமலாக்கப்பட்டார்கள்.  காணாமல் போனவர்களுக்காகப் போராடியவர்கள் அவர்கள். அந்த ஆட்கொணர்வு வழக்கில் முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் என்ற முறையில் கோட்டாபய சாட்சியாக அழைக்கப்பட்டார். யாழ்ப்பாணம் வந்து சாட்சி சொல்லத் தனக்குப் பாதுகாப்பு இல்லை என்பதே ஆரம்பத்திலிருந்து அவர் தரப்பின் வாதம். ஜனாதிபதியானதும் அந்தத் தேவையும் இல்லாமல் போனது. இப்போது அவர் ஜனாதிபதி இல்லை, 35ஆவது உறுப்புரையும் அவருக்கு இல்லை. பாதுகாப்புத்தான் தடையென்றால் அதைக் கொடுக்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை, கொடுக்கும் வல்லமையும் அதற்கு உண்டு. அவரை யாழ்ப்பாண நீதிமன்றத்துக்கு அழைத்து வரட்டும். அங்கே கேட்கப்படும் கேள்விகளுக்கு அவர் தன் வாயால் பதில் சொல்லட்டும்.